ஆஸ்பத்திரி சொல்லும் அக்கா

புருவம் எடுக்கும் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே பேச அவளால் முடியும். "அந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும் போயிடாதே. வாசல்லயே மீன் தொட்டி வெச்சிருக்காங்க. வைத்தியம் தெரிஞ்சவங்களுக்கு மீன் எதுக்கு?" நாற்காலியில் கண்ணை மூடிக் கிடப்பவள் தலையை ஆட்ட முடியாது, ஆட்டினால் புருவம் போய்விடும். அதனால் அழகுநிலைய அக்காவின் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

மாதவிலக்குத் தொல்லையோ, கர்ப்பப்பையில் கட்டியோ, எங்கள் தெருப் பெண்கள் டாக்டருக்கு முன்னால் இவளிடம்தான் வருவார்கள். துணைக்குப் போனால் முதலில் கழிவறையை எட்டிப் பார்ப்பாள். பிறகு நர்சுகளின் முகத்தை. "நர்சு சிடுசிடுன்னு இருந்தா டாக்டர் அவள வறுத்தெடுக்கிறார்னு அர்த்தம்." எடுத்த எடுப்பில் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், "இன்னொரு டாக்டர்கிட்டயும் கேக்காம கையெழுத்துப் போடாதே" என்பாள். நல்ல யோசனைதான். என் நாத்தனார் அப்படிக் கேட்டுத்தான் மாத்திரையோடு தப்பித்தாள்.

அக்காவுக்கே கட்டி வந்தபோதுதான் சிக்கல். முதல் டாக்டர் சின்ன வயசு. அடுத்தவருக்கு வயசாகிவிட்டது. மூன்றாமவர் நன்றாகச் சிரித்தார். "எதுக்கு இவ்ளோ சிரிப்பு?" என்று எழுந்து வந்துவிட்டாள். மாதக்கணக்கில் தேடல் நடந்தது, ரத்தப்போக்கும் நடந்தது. அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். கர்ப்பப்பை என்ற சொல்லை வாயில் எடுக்கவே கூச்சம். "அந்த... இது என்னாச்சு?" என்பார். "பாத்துக்கிட்டுதானே இருக்கேன்" என்பாள்.

ஒரு நாள் எனக்கு ஒரு புருவம் முடிந்து மறு புருவம் தொடங்கும்போது நூல் தளர்ந்தது. கண் திறந்தால் அவள் தரையில் கிடக்கிறாள், முகத்தில் சொட்டு ரத்தமில்லை. "பக்கத்துல எது இருக்கோ அங்க விடுங்க" என்று, அவளைத் தூக்கி ஏற்றிய டாக்சிக்காரரிடம் கத்தினேன். பக்கத்தில் இருந்தது மீன் தொட்டி ஆஸ்பத்திரி.

ரத்தம் ஏற்றினார்கள். கண் விழித்தவள், "இங்கயா கொண்டாந்தே?" என்று என்னைத்தான் முறைத்தாள். டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்து, கட்டியை மட்டும் எடுத்தால் எப்படி, கர்ப்பப்பையையே எடுத்தால் எப்படி என்று பொறுமையாக விளக்கினார். "வேற ஒருத்தர்கிட்டயும் கேட்டுக்குங்க. ஆனா இனிமே தள்ளிப்போடாதீங்க."

அக்கா இப்போது குறுக்கு விசாரணையைத் தொடங்குவாள் என்று காத்திருந்தேன். "வலிக்குமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள், சின்னக் குரலில்.

தகவல் கேட்டு ஓடி வந்திருந்த அவள் கணவர்தான் முன்னால் வந்தார். "கர்ப்பப்பைய எடுத்துட்டா இவ பிழைச்சுப்பாளா?" வார்டு முழுக்கக் கேட்டது.

எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். உடம்பு தேறிக் கடையைத் திறந்ததும், அந்த ஆஸ்பத்திரித் தலையணை செங்கல் மாதிரி என்று எல்லோரிடமும் சொன்னாள்.

போன வாரம் தலைக்குச் சாயம் போட வந்த பெண், தனக்கும் நாள் கணக்கில் ரத்தம் நிற்கவில்லை என்றாள். "எந்த ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா?"

அக்கா சாயக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பாதிச் சாயத்தோடு இருந்த தலையில் துண்டை இறுக்கிச் சுற்றி, அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். போகிற போக்கில் கதவுப் பலகையை 'மூடியிருக்கிறது' என்ற பக்கம் திருப்பிவிட்டாள்.