சுரைக்கொடி ஏறாத வீடு

யாங்கூனில் மாலையானால் எங்கள் அலுவலகம் முழுக்கச் சுரைக்காய் வாசனைதான். தெருமுனை எண்ணெய்ச் சட்டியிலிருந்து பூதிஜோ வரும். சுரைக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கி மாவில் தோய்த்துப் பொரித்தது. மின்மாற்றிகளைச் சோதிக்கும் வேலைக்காகத் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்த நான் மட்டும் தட்டை நகர்த்திவிடுவேன். எங்கள் வீட்டில் சுரைக்காய் சேர்ப்பதில்லை. பக்கத்து மேசை மா தீரி அதை ஒவ்வாமை என்று எடுத்துக்கொண்டு ஒருநாள் மாத்திரையே வாங்கி வந்துவிட்டாள்.

அப்பாவின் தாத்தா செல்லையா பர்மாவுக்கு நெல் பயிரிட வந்தவர். மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டுவந்தவர், போர்க்காலத்தில் மற்றவர்கள் நடந்தே திரும்பியபோதும் திரும்பவில்லை. இறந்த சேதியும் வரவில்லை. அதனால் ஆடி அமாவாசையில் முன்னோர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது அப்பா அந்தப் பெயரை மட்டும் விட்டுவிடுவார். செல்லையாவுக்கு நூறு வயது தாண்டியிருக்குமே என்று சொல்லிப் பார்த்தேன். "கணக்கு சொல்லுதுன்னு ஒருத்தரச் சாகடிக்க முடியுமாம்மா? தெரிஞ்சவங்க வாயால கேக்கணும்" என்றார். இந்த வருஷம் இருதய சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதிலிருந்து, தனக்குப் பிறகு இதைக் கேட்க ஆளிருக்காது என்ற கவலை அவருக்கு.

எங்களோடு வேலை பார்க்கும், கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஒருவர், பிரெஞ்சுக் குடியானவரான தன் மூதாதையை மாதாகோவில் பதிவுகள் வழியாகவே பிடித்துவிட்டார். அதைப் பார்த்து நானும் இங்குள்ள பழைய பதிவேடுகளில் செல்லையாவைத் தேடத் தொடங்கினேன். ஊர், தொழில், தகப்பன் பெயரின் முதலெழுத்து. பர்மியப் பெயரில் தகப்பன் பெயருக்கு இடமே கிடையாது என்பது எனக்கு உறைக்கப் பல வாரங்கள் ஆயின. இல்லாத இனிஷியலைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தபோது மா தீரிக்குக் காரணத்தை விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. யாங்கூனுக்குப் பக்கத்து ஊரான மாவ்பியில் தன் அண்ணனின் மாமியார் வீட்டில் சுரைக்கொடியை வேலியில்கூட ஏறவிட மாட்டார்கள் என்றாள். "நீங்க ரெண்டு வீட்டுக்காரங்களும் சேர்ந்தா பூதிஜோக்காரன் கடைய மூடிடுவான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். அண்ணனின் மாமியார் டோ கின், வயலைப் பார்த்த வீட்டில் தேநீர் கொடுத்தார். அவர் பேசியதெல்லாம் பர்மிய மொழி. சுரைக்காய் ஏன் ஆகாது என்று கேட்டபோது மட்டும், மனப்பாடம் செய்ததுபோல், தமிழில் சொன்னார்: "கொடிய எட்டிப் பிடிக்கப்போயி பொன்னுத்தாயி கெணத்துல வுழுந்துட்டா. தாத்தாவோட தங்கச்சி."

செல்லையாவின் தங்கை பொன்னுத்தாயி. எங்கள் வீட்டிலும் காரணம் அதுதான்.

செல்லையா இங்கே ஊ டெய்ன் மாங் என்று பெயர் மாறி, பர்மியப் பெண்ணை மணந்து, இந்த வயலிலேயே உழுது, டோ கின் பள்ளி சென்றுகொண்டிருந்த காலத்தில் இறந்திருக்கிறார். பேத்தியான அவரே அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். நான் கேட்க வந்தது கிடைத்துவிட்டது. ஆனால் அவருக்கும் ஒரு கேள்வி இருந்தது. மா தீரி மொழிபெயர்த்தாள். "அங்க விட்டுவந்த அந்தக் குழந்தை பொழைச்சுதா? தாத்தா கடைசிவரைக்கும் கேட்டுட்டே இருந்தார்."

பிழைத்தார், எனக்குத் தாத்தாவாகி என்னைத் தோளில் தூக்கித் திரிந்தார், பிறகு இறந்தார் என்றேன். பெயரைக் கேட்டார். முருகேசன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அத்தை முறை என்று நான் விளக்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

ஆடி அமாவாசையன்று விடுப்பெடுத்து மாவ்பியில் இருந்தேன். செய்த புண்ணியத்தை இறந்தவர்களோடு பகிர, குவளையிலிருந்து கிண்ணத்துக்குச் சொட்டுச் சொட்டாக நீர் வார்ப்பது இங்கே வழக்கம். எனக்காக அன்று அத்தை பிக்குவை அழைத்திருந்தார். என் கையிலிருந்த அலைபேசியில் அப்பா ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். செல்லையா என்றார். பிறகு, நாக்கு தடுக்க, ஊ டெய்ன் மாங். இந்தப் பக்கம் அத்தை, நீர் சொட்டுவதைப் பார்த்தபடி, மு-ரு-கே-சன் என்றார். அலைபேசியை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது என்று தெரியாமல் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.