எலி தின்ற வார்த்தை

போடி பஜாரில் எலி விழுந்துவிட்டது என்று பேச்சு வந்த மறுநாளே கடையையும் வீட்டையும் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். எலி தானாகச் செத்து விழுந்தால் பிளேக் வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அந்த வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. கொட்டகுடி ஆற்றங்கரையில் ஆளாளுக்கு ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டோம். எங்கள் கொட்டகையில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, மூன்றே பேர். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

எதிரே சர்க்கார் கூடாரம். அதன் வாசலில் ‘இனாக்குலேஷன்’ என்று பெரிய இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பலகை. நானும் அத்தையும் முதல் நாளே போய்ப் பிளேக் ஊசி போட்டுக்கொண்டோம். இவர் மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தார். யானை நடமாடும் குரங்கணி மலைப்பாதையில் ஏலக்காய் மூட்டையோடு இறங்கி வருகிற மனுஷருக்கு ஓர் ஊசியைக் கண்டால் உதறல்!

ஊசிக்குத்தான் உதவவில்லை, விளையாட்டுக்காவது அந்தப் பலகை உதவியது. நான் மிஷன் பள்ளியில் டீச்சர் ட்ரெயினிங் படித்தவள். ஒரு நீளமான இங்கிலீஷ் வார்த்தையை எடுத்து, அதிலிருக்கிற எழுத்துகளை மட்டும் வைத்து வேறு வார்த்தைகள் கண்டுபிடிப்பது அங்கே எங்கள் பொழுதுபோக்கு. வெளியிலிருந்து ஓர் எழுத்து இரவல் வாங்கினாலும் அவுட். கடை இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த மனுஷருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன், பிடித்துக்கொண்டார். பலகையிலிருந்த அந்த வார்த்தையிலிருந்தே அவர் காயின் என்பார், நான் நேஷன் என்பேன். அவர் லயன், நான் லோஷன். காஷன் அவர் கண்டுபிடித்தது. அன்றைக்கு அவருக்கிருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்!

தோற்றவர் ஆற்றில் தண்ணீர் எடுத்துவர வேண்டும், அதுதான் பந்தயம். பஜாரே கூடியிருக்கிற கரையில் ஒரு கடை முதலாளி குடத்தைச் சுமந்து போவதா? அவருக்கு உயிரே போய்விடும்.

ஒரு சாயங்காலம் அவரிடம் சரக்குத் தீர்ந்துபோனது. நான் அங்ஷன் என்றேன்.

“அதென்ன அங்ஷன்?”

“எண்ணெய் பூசுறது. எங்க துரைசாணி டீச்சர் சொல்லிக் குடுத்தாக.”

“யார்ட்ட கதை விடுற? ஜங்ஷன்ல மொத எழுத்தப் பிச்சுப் போட்டுட்டு எங்கிட்ட விக்கப் பாக்குறியா?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “தோத்துட்டீக. குடத்த எடுங்க.”

“டிக்ஷனரில காட்டு, எடுக்குறேன்.”

டிக்ஷனரி பூட்டின வீட்டு அலமாரியில் கிடந்தது. ஊர் திரும்பினதும் பார்த்துக்கொள்ளலாம் என்று நானே குடத்தை எடுத்தேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் காலாற நடந்துவருகிறேன் என்று போனார். வெகுநேரம் காணோம். பக்கத்துக் கொட்டகைக்கார அம்மா, “ஒங்க வீட்டுக்காரக பஜார் பக்கம் போனாகளே, அங்கன இப்ப யாரும் போறதில்லையே தாயி” என்றாள்.

பொழுது சாயும்போது வந்தார். வலது அக்குளில் டிக்ஷனரியை இடுக்கியிருந்தார். தூரத்திலேயே சிரிப்பு.

“பஜார்ல ஒரு நாய்கூட இல்ல புள்ள. நான் நடக்குற சத்தம் எனக்கே கேக்குது. ஒவ்வொரு கடைக்குள்ள இருந்தும் ஒரு வாடை...”

புத்தகத்தை விரித்துக் காட்டினார். பின்பக்கம் முழுக்கக் குடைந்து கிடந்தது. கடித்த காகிதத் தூளும் ரோமமும் கொட்டின. கடைசி எழுத்துகள் இருந்த இடத்தில் எலி கூடு கட்டியிருந்தது.

“ஒன் வார்த்தைய எலி தின்னுருச்சு புள்ள!”

அவர்தான் சிரித்தார். கூடி நின்றவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பக்கத்துக் கொட்டகை அம்மா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“ஏலே பாவி! அத அடுப்புல போடுலே! போய் ஆத்துல முங்குலே!” என்று அத்தை அலறினாள்.

புத்தகம் எரிய வெகுநேரம் ஆயிற்று. முழுகிவிட்டு வந்தவர் ஈரத் துண்டோடு குடத்தைத் தூக்கினார். “யாருக்கும் ஜெயிப்பு இல்ல. வா, ரெண்டு பேருஞ் சேந்து எடுப்போம்.” எனக்கு அவரை நாலு சாத்து சாத்தலாம் போல ஆத்திரம். ஆனாலும் கூடப் போனேன். கரை முழுவதும் எங்களுக்கு வழி விட்டு விலகி நின்றது.

விடிந்ததும் முரண்டு பண்ணாமல் போய் இடது கையில் ஊசி போட்டுக்கொண்டார். கம்பவுண்டர் சொன்னார்: “இது இனிமே வராம இருக்கத்தான். முன்னாடியே ஒட்டியிருந்தா ஒண்ணும் செய்யாது.”

ஊசி போட்டால் காய்ச்சல் வரும். எனக்கு வந்தது, அத்தைக்கும் வந்தது. அதனால் அவருக்கு உடம்பு சுட்டபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஊசி பிடித்துக்கொண்டது என்று அத்தை கஞ்சி காய்ச்சினாள். நான்கூடக் கேலி செய்தேன். ஊசிக் காய்ச்சல் மறுநாள் இறங்க வேண்டும். இது ஏறியது. கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினேன். அவர் வலது கையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. சட்டையை விலக்கினேன். டிக்ஷனரி இடுக்கியிருந்த அந்த அக்குளில் எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி.

அவரை ஆற்றுக்கு அக்கரையிலிருந்த தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். என்னை உள்ளே விடவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கத்திக் கத்திக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மணி அடிக்கும்போது அவர் இல்லை.

அதற்கப்புறம் டீச்சர் வேலைக்குப் போனேன். பள்ளி அறையில் தடியாய் ஒரு டிக்ஷனரி இருந்தது. பல வருஷம் அதன் பக்கமே போகவில்லை. ஒரு மத்தியானம், பிள்ளைகளெல்லாம் போனபிறகு, எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். வார்த்தை இருந்தது. எண்ணெய் பூசுவது என்றுதான் போட்டிருந்தது.

ஆளில்லாத வகுப்பில் வாய்விட்டே சொன்னேன்.

“தோத்துட்டீக. எந்திரிச்சு வந்து குடத்த எடுங்க.”