டிக்சன் வீதியில் என் மகளின் சனிக்கிழமை

காலை 10.05. மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமை. மைனஸ் ஆறு பாகை குளிர். ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள அஜக்ஸ் ரெயில் நிலைய மேடையில், நாற்பது மட்டன் றோல்ஸ் அடுக்கிய அலுமினியத் தட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நின்றேன். போகவேண்டிய இடம் ரொறன்ரோவின் மேற்குக் கோடியில் உள்ள டிக்சன் வீதி. 401 நெடுஞ்சாலையில் காரில் போனால் சுமார் ஐம்பது கிலோமீற்றர், முக்கால் மணித்தியாலம். ரெயில், சுரங்க ரெயில், பஸ் என்று மாறி மாறிப் போனால் இரண்டரை மணித்தியாலம். என்னிடம் கார் இல்லை. மூன்று சனிக்கிழமைகளுக்கு முன்பு அதே 401 இல், கண்ணுக்குத் தெரியாத ஐஸில் சறுக்கி, இரண்டு தடவை சுற்றி, நடுவிலுள்ள கொங்கிறீட் சுவரில் மோதினேன். எனக்கு ஒரு விலா எலும்பில் வெடிப்பு. காரை இனித் திருத்தமுடியாது என்று இன்சூரன்ஸ்காரர் எழுதிவிட்டார்கள்.

அன்றைக்கு வீதியோரத்தில் நின்று மகளுக்கு ஏழு தடவை போன் எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. முதியோர் இல்லத்தில் வேலைசெய்யும் மனைவியின் போன் வேலைநேரத்தில் லொக்கருக்குள் கிடக்கும். அது எனக்குப் பழக்கம். ஆனால் சாருகா எடுக்காதது புதிது. இருபத்தொரு வயது, ஒரே பிள்ளை. நான் அம்புலன்ஸுக்காகக் காத்துநின்ற நேரத்தில், நகரத்தின் மறுகோடியில் யாரோ ஒருவருக்கு அவள் பருப்புக்கறி கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

ஒரு வருடமாகச் சனிக்கிழமைகளில் அங்கேதான் போகிறாள். அவளோடு பல்கலைக்கழகத்தில் படிக்கும் செலாம் எரித்திரியாப் பிள்ளை. செலாமும், எதியோப்பிய, சோமாலியப் பிள்ளைகள் சிலரும் சேர்ந்து, தங்கள் சனத்தில் நோயாளிகள், தனியாக இருப்பவர்கள், புதிதாக அகதியாக வந்து இறங்கியவர்கள் எல்லோருக்கும் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரே தமிழ்ப்பிள்ளை என்னுடையவள்.

ஆஸ்பத்திரியால் வந்த கிழமையே சொல்லிவிட்டேன்: இனிச் சனிக்கிழமை வீட்டில் நிற்கவேண்டும். அவள் வாதாடவில்லை.

“ஒருக்கா வந்து பாருங்கோ அப்பா. பாத்திட்டும் விடச் சொன்னா, விடுறன்.”

விடு என்று சொல்வதற்காகவே புறப்பட்டேன். வெறுங்கையோடு போய் அதைச் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் றோல்ஸ். ஒரு றோல் இரண்டு டொலர்.

10.20. வார இறுதி ரெயில் பாஸ் பத்து டொலர். பிக்கறிங்கைத் தாண்டும்வரை தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே 401 ஓடுகிறது. நான் ஜன்னல் பக்கம் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் ஆசனத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், காதுவரை கம்பளித் தொப்பி.

“தம்பி, உது றோல்ஸ்தானே?”

“ஓம் அண்ணை.”

“எந்த வீட்டுப் பார்ட்டி?”

“பார்ட்டி இல்லை. டிக்சன் றோட்டிலை மகள் ஆபிரிக்கப் பிள்ளையளோடை சேந்து சனத்துக்குச் சாப்பாடு குடுக்கிறா.”

“சம்பளமோ?”

“இல்லை.”

“அப்ப யூனிவர்சிட்டிக்கு வொலன்ரியர் மணித்தியாலம் சேக்கிறாவாக்கும்.”

“அதுவும் இல்லை அண்ணை.”

அவர் தொப்பியைக் கொஞ்சம் மேலே தூக்கினார். “எண்டா எனக்கும் ஒண்டு தாங்கோவன். நானும் சனம்தானே.”

கொடுத்தேன். நகர நடுவிலுள்ள யூனியன் நிலையம் வரும்போது முப்பத்தொன்பது இருந்தது.

11.25. யூனியனிலிருந்து சுரங்க ரெயிலில் லோறன்ஸ் வெஸ்ட் நிலையம். அங்கே 52 ஆம் இலக்க பஸ். இரண்டுக்கும் சேர்த்துக் கட்டணம் மூன்று டொலர் முப்பது சதம். பஸ் மேற்கே போகப் போகக் கடைப் பலகைகள் மாறின. எனக்கு வாசிக்கத் தெரிந்தவை குறைந்துகொண்டே வந்தன. எங்கே இறங்குவது என்று சாரதியிடம் கேட்டேன். கட்டிடங்கள் வரும்போது சொல்கிறேன் என்றார். சொல்லத் தேவையிருக்கவில்லை. வீதியோரமாக உயரமான கட்டிடங்கள் ஆறு தோளோடு தோள் ஒட்டினாற்போல் நின்றன.

12.45. மூன்றாவது கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடும் பொது அறை. கதவைத் திறந்ததும் தாளித்த வெங்காயமும் மிளகாயும் கண்ணில் ஏறின. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். நடுவே தலையில் துணி கட்டி, முழங்கைவரை மஞ்சளாக, என் மகள். வீட்டில் அவள் வெங்காயம் உரித்ததை நான் பார்த்தது கிடையாது.

அங்கே நடந்த கதையெல்லாம் ஆங்கிலத்தில். எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன்.

செலாம் ஓடிவந்து தட்டை வாங்கினாள். மெலிந்த, நிமிர்ந்த பிள்ளை. மூடியைத் திறந்து பார்த்ததும் முகத்திலிருந்த சிரிப்பு ஒரு கணம் நின்றது.

“அங்கிள், மிகவும் நன்றி. இது... இறைச்சியா?”

“ஓம், மட்டன். நல்ல கடை.”

சாருகா நெற்றியில் கையை வைத்தாள். “அப்பா! ஃபாஸ்டிங் எண்டு சொன்னனான் எல்லே!”

“நீ விரதம் எண்டு சொன்னனீதான். இண்டைக்குச் சனியெல்லே? வெள்ளிக்கிழமையெண்டா நான் வடை வாங்கியிருப்பன்.”

எரித்திரிய, எதியோப்பியக் கிறிஸ்தவர்களுடைய விரதம் வெள்ளிக்கிழமையோடு முடிகிற விரதம் இல்லை. ஈஸ்டர் வரும்வரை, ஐம்பத்தைந்து நாள். இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லை. நெருக்கமாகச் சுருண்ட முடியுள்ள ஒரு பெடியன் தட்டுக்குள் எட்டிப்பார்த்துப் பெருமூச்சு விட்டான். அவன் பெயர் அப்டி, சோமாலியப் பிள்ளை.

“எனக்கு இறைச்சி ஓகே அங்கிள். ஆனால் நோன்பு. சூரியன் மறையும்வரை பார்க்கத்தான் முடியும். மொத்தத்தில் இந்த அறைக்குள் ஒருவராலும் சாப்பிடமுடியாத சாமானைச் சரியாகத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.”

எல்லோரும் சிரித்தார்கள். என் மகள்தான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தாள்.

“ஹலாலா?” என்று அப்டி கேட்டான்.

“ஓம். கடைக்காரர் முஸ்லிம். எங்கடை ஊர்த் தமிழ் முஸ்லிம். அவரும் நோன்போடைதான் பொரிச்சவர்.”

அப்டி சுவரோடு சாய்ந்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். நான்காம் மாடியில் ஐந்து பிள்ளைகளோடு ஒரு தாய். ஏழில் தனியாக இருக்கும் கிழவர். ஒன்பதில் போன மாதம் வந்த சகோதரர்கள் இருவர், இன்னும் அடுப்பு வாங்கவில்லை. நோன்பு திறக்கும் நேரத்துக்கென்று முப்பத்தொன்பது றோலுக்கும் வாய் கண்டுபிடித்துவிட்டான். இருபத்திரண்டு வயதிருக்கும். அஜக்ஸில் பதினொரு வருடமாக எங்கள் வீட்டுக்கு இடதுபக்கத்தில் குடியிருப்பவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. இவனைப் பெற்றவள் எப்படி வளர்த்தாள் என்று நினைத்தேன். அது மெச்சிய நினைப்பு இல்லை. பக்கத்துவீட்டுப் புதுக்காரைப் பார்க்கும்போது வருகிற நினைப்பு.

1.15. என்னை உட்காரவைத்து வெங்காயம் தந்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில், மூடிவைத்த பனையோலைப் பெட்டி மாதிரி ஒரு பின்னல்கூடை. மூடியைத் தூக்கினேன். அதற்குள் எல்லோருடைய போன்களும் கிடந்தன. சாருகாவின் நீல நிற உறை தெரிந்தது. ஏழு தடவை அடித்த போன்.

“எதுக்கு இது?” என்று செலாமைக் கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கவேண்டும். சாருகா திரும்பிப் பார்த்தாள்.

செலாம் கத்தியைக் கீழே வைத்தாள். தொடங்கிய காலத்தில் ஒருத்தி, சாப்பாடு வாங்கிய அம்மா ஒருவரைப் படமெடுத்துப் பலரும் பார்க்கப் போட்டுவிட்டாளாம். அந்த அம்மாவின் ஊரிலுள்ள உறவுக்காரர் அதைப் பார்த்து, கனடா போயும் கையேந்துகிறாயா என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகு அந்த அம்மா இவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. அன்றிலிருந்து போன்கள் கூடைக்குள்.

“நான் 401 இல் நின்று கூப்பிட்டேன், பிள்ளை.”

“தெரியும் அங்கிள். அன்று சாருகா கூடையைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகு ஒரு ஆள் எப்போதும் கூடைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று வைத்திருக்கிறோம். தாய் தகப்பன் கூப்பிட்டால் எடுக்கலாம்.”

நான் சண்டைக்கென்று சேர்த்துக்கொண்டு வந்த முக்கியமான சொல்லை அவள் இப்படிக் கையிலிருந்து வாங்கிவைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து விமானநிலையத்தில் டாக்சி ஓட்டும் செலாமின் தகப்பன் ஒரு மூட்டை பருப்பைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். “லேட்” என்றாள் மகள். “மன்னிக்கவும், மேடம்” என்றார் தகப்பன். போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவருடைய மகள் அவருக்கு வேலை வைத்திருக்கிறாள். எனக்கு அதிலும் எரிந்தது.

3.00. சாருகா என்னையும் கூட்டிக்கொண்டு பதினோராம் மாடிக்குப் போனாள். கையில் பருப்புக்கறியும், இஞ்சரா என்கிற அவர்களுடைய அப்பமும். தோசைமாவைப் போலப் புளித்தது, ஆனால் ஒன்று ஒரு சுளகு அளவு. கொண்டுபோனவர் வாசலோடு கொடுத்துவிட்டுத் திரும்பக்கூடாது, உள்ளே இருந்து அவர்களோடு சாப்பிடவேண்டும் என்பது பிள்ளைகளின் சட்டம்.

கதவு திறக்கும் முன்பே உள்ளிருந்து குரல்: “பத்து நிமிடம் பிந்திவிட்டாய்!”

அவர் பெயர் டெஸ்பாய். ஐம்பத்தேழு வயது, என்னைவிட இரண்டு கூட. சீனி வருத்தத்தால் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மனைவி காலமாகிவிட்டார். மகள் தொலைவில், எட்மன்டன் நகரத்தில். சக்கர நாற்காலியில் இருந்தபடி என் மகளை ஏசினார்: கோட்டுப் பொத்தான் பூட்டவில்லை, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, போன கிழமைப் பரீட்சைப் புள்ளி ஏன் சொல்லவில்லை. நான் இதில் ஒன்றைக் கேட்டிருந்தால் அறைக்கதவு சாத்தப்பட்டிருக்கும். சாருகா சிரித்துக்கொண்டே நிலத்தில் சப்பணம் கட்டி உட்கார்ந்து புள்ளியைச் சொன்னாள். எழுபத்தெட்டு. எனக்கு அது தெரியாது.

பிறகு நடந்ததைத்தான் எழுதக் கை கூசுகிறது. டெஸ்பாய் இஞ்சராவில் ஒரு துண்டு கிழித்து, பருப்பைச் சுற்றி, கையை நீட்டினார். என் மகள் வாயைத் திறந்தாள். அவர் ஊட்டினார். குர்ஷா என்று அதற்குப் பெயராம். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை. ஏழு வயதில் “நானே சாப்பிடுவன்” என்று என் கையைத் தள்ளிவிட்ட பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். விலா எலும்பு வலித்தது. நான் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

“நீர்தான் தகப்பன்” என்றார் டெஸ்பாய். “இவளை நிற்பாட்ட வந்திருக்கிறீர். சொன்னாள்.”

நான் நாட்காட்டியிலேயே கண்ணை வைத்திருந்தேன்.

“என் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாள். பத்து நிமிடம். உமக்குக் கிழமையில் ஏழு நாளும் ஒரே கூரைக்குள் மகள் இருக்கிறாள். எனக்கு இந்த அரை மணித்தியாலம். அதையும் பிடுங்கிக்கொண்டு போகத் தட்டோடு வந்தீராக்கும்?” சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். ஆனால் அவர் கண் என்னை அளந்துகொண்டிருந்தது. அவருக்கும் எரிகிறது என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு அவர்மேல், அவருக்கு என்மேல்.

இன்னொரு துண்டு கிழித்து என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டினேன்.

“கை இல்லை. வாய்” என்றார்.

“அப்பா, பிளீஸ்” என்றாள் சாருகா.

ஐம்பத்தைந்து வயதில், ஒரு அந்நிய ஆம்பிளையின் விரல்களுக்கு வாயைத் திறந்தேன். உறைப்புக்குக் கண்ணீர் வந்தது. உறைப்புக்குத்தான்.

5.40. திரும்பும் பஸ். வெளியே கட்டிடங்களுக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்டி இப்போது றோல்ஸோடு மாடி மாடியாக ஓடிக்கொண்டிருப்பான். சாருகா என் பக்கத்தில், மடியில் வெறுந்தட்டு. வெஸ்ரன் வீதி கழிந்ததும் கேட்டாள்.

“சொல்லுங்கோ. விடவோ?”

விடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

“நான் ஆஸ்பத்திரியாலை வந்த அண்டைக்கு நீ கஞ்சி வைச்சுக்கொண்டு வந்தனீ. கட்டிலடியிலை வைச்சிட்டுப் போயிட்டாய். அந்த மனிசனோடை மட்டும் அரை மணித்தியாலம் இருந்து சாப்பிடுறாய்.”

அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். தட்டின் விளிம்பை விரலால் நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

“அவர் இரு எண்டு கேப்பார் அப்பா. நீங்கள் ‘வைச்சிட்டுப் போ, படி’ எண்டனீங்கள். ஐ வெயிட்டட். கதவடியிலை கொஞ்ச நேரம் நிண்டனான்.”

இந்தப் பயணத்தில் நான் கேட்ட சொற்களில் இதுதான் மிகத் தூரம் உள்ளே போனது. எனக்கு ஏதும் தேவையில்லை என்று காட்டிக்கொண்டிருப்பதைத் தகப்பனின் கடமை என்று இத்தனை வருடம் நம்பியிருக்கிறேன். ஒரு கால் இல்லாத மனிதர் கூச்சமில்லாமல் இரு என்கிறார். என் பிள்ளை இருக்கிறாள். இதில் யாரும் என்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. ஆனாலும் எடுத்ததுபோலவே இருக்கிறது.

“விடவேண்டாம்” என்றேன். “சனிக்கிழமை போ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னோடை இருந்து சாப்பிடு.”

“சொல்லுறீங்களோ, கேக்கிறீங்களோ?”

பஸ்ஸில் முன்னாலிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள், தமிழ் விளங்கியிருக்காது.

“கேக்கிறன்.”

“ஓம்” என்றாள்.

7.50. அஜக்ஸ். வீட்டுக்கு நடந்தோம், ஒன்றரைக் கிலோமீற்றர். ஐஸ் உள்ள இடங்களில் அவள் என் முழங்கையைப் பிடித்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் பதினோராம் மாடிக் கதவைத் தட்டும்போது, நான் இங்கே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். எரியத்தான் போகிறது. ஒரு நாள் பொறுத்தால் ஞாயிறு.