நாலுபாஷை சொல்லாமல் விட்டது

லஞ்சமா? அவளா? டாக்டர் வாங்கிக் கொடுத்த டீயையே பாதி குடித்துவிட்டுக் கூச்சத்தோடு எழுந்து வந்தவள் அவள். "ஆஸ்பத்திரியில கையும் களவுமா மாட்டினா, கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டாங்க" என்று மாடி வீட்டுக்காரி தெருவெல்லாம் ஒப்பிக்கிறாளே, போய்ப் பார்த்தாளா? தப்பு நடந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தப்பு வேறே.

வார்டில் தரை துடைக்கிற வேலை அவளுக்கு. பதினாறு வருஷம். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கட்டிலுக்குக் கீழே குனிந்து துடைக்கும்போதே, மேலே பேசுகிற பேச்சு காதில் ஏறிவிடும். அப்படியே தமிழோடு இன்னும் மூன்று பாஷை படிந்தது. 'நாலுபாஷை' என்றே பெயர் விழுந்துவிட்டது. அதிலும் மனுஷன் மனுஷனை நம்புவதற்கு என்ன சொல்கிறான் என்று கேட்பதில் அவளுக்குத் தனி ருசி. நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புவோம். துறைமுகத்து ஆட்கள், "என் முதுகை உன் பக்கம் திருப்பிட்டேன்" என்பார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள், "உன் சொல்மேல படுத்துத் தூங்குவேன்" என்பார்கள்.

நோயாளி மிரண்டால் டாக்டர் அவளைத்தான் கூப்பிடுவார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவரவர் பாஷையில் அந்த ஒரு வார்த்தையைப் போடுவாள். இறுகின முகம் இளகிவிடும். காகிதத்தில் கையெழுத்து விழும்.

"நீ இல்லேன்னா எங்க பாடு திண்டாட்டம்தாம்மா" என்பார் டாக்டர். அந்தப் பேச்சு அவள் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் மூட்டை தூக்குகிற ஒருவர் வந்து சேர்ந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள். சர்க்கரை வியாதி, கால்விரல் கறுத்துவிட்டது. பக்கத்தில் பெண்டாட்டி.

"விரலோட நிக்காது. முழங்கால் வரைக்கும் எடுக்கணும். அந்தம்மாவுக்குத் தெளிவா சொல்லிடு" என்றார் டாக்டர்.

தெளிவாகச் சொன்னால் புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ, அவன் செத்துப்போவானோ என்று இவளுக்குப் பயம். பயம் மட்டுமா? இதுவரை தன் வாய்க்கு யாரும் மாட்டேன் என்றதில்லை என்கிற மிதப்பும்தான்.

"ரெண்டு விரல்தான். என் சொல்மேல படுத்துத் தூங்கு, தங்கச்சி" என்றாள்.

அந்தப் பெண் காகிதத்தில் ரேகை வைத்தாள்.

ஆபரேஷன் முடிந்து பார்த்தால், முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. நாலுபாஷை மூன்று நாள் அந்த வார்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வேறொருத்தியிடம் கெஞ்சி வேலையை மாற்றிக்கொண்டாள். நாலாம் நாள் அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் நின்றாள்.

"டாக்டர் முழங்கால்னுதான் சொன்னார். நான்தான் மறைச்சேன்."

அறை விழும் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் கையை ஓங்கவில்லை.

"சொல்லியிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன், அக்கா. எனக்கு அவர் உயிரோட வேணும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம், வாசல் வரைக்கும் நடந்துட்டு வரேன்னு கேட்டார். ரெண்டு விரல்தானே, ஆறினப்புறம் நடக்கலாம்னு நான்தான் படுக்க வச்சேன்."

அறைந்திருந்தால் தேவலை.

டாக்டரிடமும் போய் ஒப்புக்கொண்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆள் பிழைச்சாச்சு இல்ல? விடும்மா. நாளைக்கு இன்னும் ரெண்டு பேர்கிட்ட பேசணும், சீக்கிரம் வந்துடு."

வந்துவிடத்தான் நினைத்தாள். மறுநாள் வந்து துடைப்பத்தைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். அந்தப் பெண் கூப்பிட்டாள். "அக்கா, தையல் எப்ப பிரிப்பாங்கன்னு கேட்டுச் சொல்லேன்." வேறு யாரிடம் கேட்பாள், பாவம்? இவள் போய்க் கேட்டு வந்தாள். பத்து நாள், வலிக்கும், சீழ் வைத்தால் மறுபடி திறக்கணும். ஒரு எழுத்து கூட்டவில்லை, ஒரு எழுத்து குறைக்கவில்லை.

அந்தப் பெண் இவள் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து போய் நர்ஸிடம் தையல் போட்ட இடத்தைக் காட்டி, பத்து விரலையும் விரித்தாள். நர்ஸ் தலையை ஆட்டிய பிறகுதான் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

நாலுபாஷை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பட்டப்பகலில், நோயாளிகள் வருகிற வாசல் வழியாகவே வெளியே நடந்தாள்.