சீருக்குப் போன முகப்புத் தகடு

போன வாரம் கூரியர்காரர் வாசல் கேட்டில் மாட்டிவிட்டுப் போன பொட்டலத்தில் ஓர் அலுமினியத் தகடு இருந்தது. நான் வீட்டில் சொந்தமாகச் செய்யும் ஆம்ப்ளிஃபையருக்கான முகப்பு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கோழி வளர்ப்பார்கள், இல்லையென்றால் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். நான் ஆம்ப்ளிஃபையர் செய்கிறேன். கைப்பேசியில் படம் வரைந்து அனுப்பினால் போதும், லேசரில் எழுத்து வெட்டி, துளை போட்டு, கறுப்புச் சாயம் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். குடும்பத்தோடு ஒருவேளை வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் செலவுதான். எழுத்துகள் அத்தனை நேர்த்தி. மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசமும் இல்லை. அதைப் பார்த்த என் மனைவி, "அது என்ன, சாப்பிடற சாமானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அவளுக்குத் தெரியாது, அந்தக் காலத்தில் நாங்கள் செய்த ஒவ்வொரு முகப்புக்கும் ஒரு வாசம் இருந்தது. முதலாவதில் பிஸ்கட் வாசம். பிஸ்கட் டின்னின் மூடியைத் தட்டி நிமிர்த்தி, தின்னர் கலந்த பெயிண்ட் அடித்து, எழுதுபொருள் கடையில் கிடைக்கும் தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாளை வைத்து நகத்தால் தேய்ப்போம். குமிழைத் திருகும் விரல்களின் வியர்வையில் அந்த எழுத்துகள் சீக்கிரமே அழிந்துவிடும். அதன் பிறகு எது பாஸ், எது ட்ரெபிள் என்று எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அதில் ஒரு கௌரவம்கூட இருந்ததாக நினைத்துக்கொண்டோம்.

இரண்டு பேர் என்றால் நானும் முனியாண்டியும். குருண் பட்டணத்தில் ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் வேலை. அவன் சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், அம்மாவோடும் தங்கை பரமேசுவரியோடும் இருந்தான். ஓய்வு நாளில் நான் மோட்டார் சைக்கிளில் அங்கே போய்விடுவேன். அடுப்படியை ஒட்டிய தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஈயம் பற்றவைப்போம். ஈயப் புகையும் கருவாட்டுக் குழம்பின் ஆவியும் கலந்த ஒரு வாசம் வரும். இன்றைக்கும் சால்டரிங் கம்பியைச் சூடாக்கினால் எனக்குப் பசி எடுக்கிறது. "கொழம்புல ஈயம் வுழுந்துச்சு, ரெண்டு பேரையும் சட்டியோட குடிக்க வச்சிருவேன்" என்பார் அவன் அம்மா. ஆனால் பசியாறாமல் ஒருநாளும் அனுப்பியதில்லை.

முனியாண்டிக்கு ஒரே ஓர் ஆசை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தன் ஒலிபெருக்கி செட் பாட வேண்டும். வருடா வருடம் சுங்கைப் பட்டாணியிலிருந்து வாடகைக்கு வரும் செட்டு, காவடி புறப்படும் நேரம் பார்த்துக் கரகரக்கும். இந்த வருஷம் என் செட்தான் என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டான். கோயில் தலைவர் ஒருநாள் லயத்துக்கே வந்து பாட்டுப் போடச் சொல்லிக் கேட்டார். எங்கள் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சத்தம் நல்லாத்தான்லா இருக்கு தம்பி. மூஞ்சிதான் சரியில்ல. இத எப்படி ஆத்தா முன்னால வைக்கறது? காப்புக் கட்டறதுக்குள்ள ஒழுங்கா செஞ்சி கொண்டா. இல்லாட்டி பட்டணத்து செட்டுக்கே சொல்லிருவேன்."

அன்றிலிருந்து முகப்பு தேடி அலைந்தோம். பரிசுக் கோப்பைகளில் பெயர் பொறிக்கும் கடையில் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. 'ட்ரெபிள்' வரைக்கும் போவதற்குள் எங்களுக்கு மூச்சு வாங்கியது. அடுத்து, காடிகளுக்கு நம்பர் பலகை செய்யும் சீனர் கடை. மலிவு, அழகு, கறுப்பில் வெள்ளை எழுத்து. சந்தோஷமாக வாங்கி வந்து மாட்டினோம். எங்கள் வீட்டில் ஒரு பார்வை பார்த்த அப்பா, "ரோட்டெக்ஸ் எடுத்தாச்சா?" என்று சாலை வரியைக் கேட்டார். அதற்கப்புறம் அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அது பின்னால் வந்து நம்மை இடித்துவிடும் போலவே இருந்தது. கழற்றிவிட்டோம்.

கடைசியில் வழி காட்டியது சுங்கைப் பட்டாணியில் ஒரு பாத்திரக் கடை. எந்தச் சில்வர் பாத்திரம் வாங்கினாலும் பெயர் வெட்டித் தருவது இலவசம். நமக்கெல்லாம் தெரிந்ததுதானே, கல்யாணத்துக்குக் கொடுக்கும் குடத்தில் குடத்தைவிட நம் பெயர் பளிச்சென்று தெரிய வேண்டும். முனியாண்டி பெட்டியின் அளவைக் கொண்டுபோய், அதற்குச் சரியாக ஒரு நீள்சதுரத் தாம்பாளம் வாங்கினான். பெயர் வெட்டும் அண்ணன் மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, "பொண்ணு பேரா, மாப்பிள்ள பேரா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லண்ணே. பென்சில்ல எழுதி வச்சிருக்கோம், அப்படியே வெட்டிருங்க."

வால்யூம், பாஸ், ட்ரெபிள், எக்கோ, மைக். எல்லாம் ஆங்கில எழுத்தில். அவர் ஒரு நிமிடம் எங்களை உற்றுப் பார்த்தார். பிறகு கொர்ரென்று வெட்டத் தொடங்கினார். துளை வரவேண்டிய இடங்களில் பொட்டு வைத்தாற்போல் வட்டம் போட்டார். யாரும் சொல்லாமலே உச்சியில் ஒரு பிள்ளையார் சுழியும் வெட்டினார். அவர் கை அப்படிப் பழகிவிட்டது.

வெட்டிய எழுத்து எவர்சில்வர் பளபளப்பில் சரியாகத் தெரியவில்லை. முனியாண்டி பரமேசின் கண்மையை எடுத்து எழுத்துகளில் தேய்த்துத் துடைத்தான். என்ன அழகு! பரமேசு மட்டும் காலி மை டப்பாவைக் காட்டி அண்ணனை வறுத்தெடுத்தாள். எவர்சில்வரைத் துளைப்பதற்கு எங்களிடம் இருந்த துளையூசி போதவில்லை, நுனி கருகியதுதான் மிச்சம். தொழிற்சாலையில் நல்ல ஊசியாக இரவல் வாங்கி வருவோம் என்று தாம்பாளத்தை அலமாரி மேல் வைத்துவிட்டோம்.

அந்த வாரத்தில்தான் பரமேசுக்குப் பரிசம் போட செர்டாங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த தட்டுகளுக்குப் பதில் தட்டு வைக்க வேண்டும், அதுவும் ஒற்றைப்படையில். முனியாண்டியின் அம்மாவுக்கு ஒரு தட்டு குறைந்தது. அலமாரியில் புத்தம்புதுசாக ஒன்று இருக்கிறது. பெயர் வெட்டியிருக்கிறது, பிள்ளையார் சுழிகூட இருக்கிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்? தேங்காய், பழம், வெற்றிலை வைத்து சபைக்கு அனுப்பிவிட்டார். நாங்கள் இருவரும் பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வேனில் புறப்பட்டுப் போன பிறகுதான் முனியாண்டி அலமாரியைப் பார்த்தான்.

"எனக்கென்னடா இங்கிலீசு தெரியும்? பேரு வெட்டியிருந்துச்சு, யாரோ மொய்க்கு வச்ச தட்டுன்னு நெனச்சேன்" என்றார் அம்மா.

நான் உடனே மோட்டாரில் செர்டாங்குக்குப் போய்க் கேட்டு வாங்கி வருகிறேன் என்றேன். அம்மா பதறிவிட்டார். "சீருக்குப் போன தட்ட திருப்பிக் கேக்கறதா? கல்யாணம் நடக்கணுமா வேணாமா?" பரமேசு அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முனியாண்டி பெட்டியைப் பார்த்தான். "வுடுங்கலா. தங்கச்சி கல்யாணத்த வுடவா செட்டு பெருசு?" என்றான். சொல்லிவிட்டு வெளியே போய் என் மோட்டாரைக் கழுவ ஆரம்பித்துவிட்டான். அது அன்றைக்குத்தான் கழுவிய மோட்டார். இன்னொரு தாம்பாளம் வாங்கலாம் என்றேன். பரிசத்தில் கையில் இருந்ததெல்லாம் கரைந்துவிட்டது என்பது இருவருக்கும் தெரியும்.

காப்புக் கட்டுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை சந்திரன் தன் அம்மாவோடு வந்து இறங்கினார். செர்டாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் பட்டறையில் அவருக்கு வேலை. அவர் அம்மா ஒரு புதுத் தாம்பாளத்தில் பழமும் பூவும் வைத்துப் பரமேசின் கையில் கொடுத்தார். சந்திரன் கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய ஒன்றை வைத்திருந்தார்.

"தேங்காய எடுத்து வச்சிட்டு பாத்தா எக்கோன்னு இருக்கு மச்சான். அம்மா, 'பொண்ணுக்குச் சொந்தக்காரங்க பேரா இருக்கும்'னு சொல்றாங்க. நானும் வீட்ல ரேடியோ நோண்டறவன்தான், எனக்குத் தெரியாதா? வட்டம் போட்ட எடத்துல ஓட்டையும் போட்டுட்டேன். சரியா இருக்கான்னு பாருங்க."

பிரித்தோம். பிசிறில்லாத ஓட்டைகள். குமிழ்கள் ஒவ்வொன்றும் தானாகப் போய் உட்கார்ந்தன. முனியாண்டி மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பரமேசு அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். பரிசத்தன்று குனிந்த தலை நிமிராதவள், அன்றுதான் அவரை நேராகப் பார்த்ததாகப் பின்னால் சொன்னாள்.

தலைவர் பெட்டியை ஒரு நொடிதான் பார்த்தார். "பிள்ளையார் சுழி போட்டிருக்கு. இது சாமி சாமானு. கொண்டாந்து வை" என்றார். காவடி புறப்பட்டபோது செட்டு ஒரு முறைகூடக் கரகரக்கவில்லை. முனியாண்டி மூன்று நாளும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், சாப்பாட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிறகு பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். அப்புறம் அதையும் வெட்டி வீடுகள் கட்டினார்கள். லயம் இருந்த இடத்தில் இப்போது ஒரு கார் கழுவும் கடை. கோயிலைப் பெரிய சாலையோரம் மாற்றிக் கட்டியபோது பழைய சாமான்களோடு எங்கள் செட்டையும் பழைய இரும்பு லாரியில் ஏற்றிவிட்டார்கள். முனியாண்டி ஜொகூரில் மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறான். செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது, "நல்லா உழைச்ச செட்டுலா, போகட்டும்" என்று சிரித்தான்.

சில மாதங்களுக்கு முன் செர்டாங்கில் ஒரு கல்யாணத்தில் பரமேசைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. பக்கத்தில் சந்திரன், அதே கலகலப்பு. பேச்சுவாக்கில் செட்டு லாரியில் போன கதையைச் சொன்னேன். சந்திரன் உச்சுக்கொட்டினார். பரமேசு என் பக்கம் திரும்பினாள்.

"செட்டு போனா போகுதுண்ணே. அந்தத் தட்ட மட்டும் யாராச்சும் கழட்டி வச்சிருக்கலாம்ல? அது எங்கம்மா எனக்கு வச்ச சீரு."