வரி ரசீதில் இல்லாத பெயர்

என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆலங்காயத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் எங்கள் ஊர். அப்பா கண்மூடுவதற்கு முன்பே நிலம் முழுவதையும் அண்ணன் பேருக்கு எழுதிவிட்டார். தனித்தனியாக எழுதினால் செலவும் தனித்தனி, அண்ணன் தம்பிக்குள் எதற்கு என்று நினைத்தார். கிணற்றுக்கு அந்தப் பக்கம் அவனுக்கு, இந்தப் பக்கம் உனக்கு என்று கையால் காட்டினார். அவர் கை காட்டிய இடத்தில்தான் நான் வீடு கட்டினேன். வாணியம்பாடியில் ஷூ கம்பெனியில் பசை தடவிக்கொண்டிருந்தேன். வேலையை விட்டபோது வந்த பி.எஃப். பணம் மொத்தமும் அந்தச் சுவர்களுக்குள் போனது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வயதான காலத்துக்கு எனக்கும் என் மனைவிக்கும் அந்த வீடுதான்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர் உயிரோடு இருக்கும்போது சின்னவன் பேரை எதிலும் போடமாட்டோம். என் கல்யாணப் பத்திரிகையில்கூட அழைப்பவர் அண்ணன்தான். நான் வாங்கிய வண்டியும் அவர் பேரில். வீட்டு வரி கட்டப் போனபோது பஞ்சாயத்து ஆபீஸில் யார் பேருக்கு ரசீது என்று கேட்டார்கள். அண்ணன் பேரைச் சொன்னேன். ஒவ்வொரு வருடமும் அப்படியே சொன்னேன். அந்த ரசீதை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பித் தருவார். அதில் எனக்கு ஒரு பெருமை.

போன கோடையில் ஒரு மத்தியானம் அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். என் மனைவி உள்ளே கூப்பிட்டாள். அவர் வரவில்லை. சுவரையும் கூரையையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு வூடும்மா இது? நல்லா கட்டிக்கிறாங்க."

அவள் சிரித்துவிட்டாள். "இன்னா மாமா, வெயில்ல மண்டை காஞ்சிடுச்சா? உங்க தம்பி வூடுதான்."

அவரும் சிரித்தார். ஆனால் அவர் பார்வை வீட்டைவிட்டு நகரவில்லை. நான் கிணற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அடிக்கடி அப்படி ஆனது. காலையில் தெளிவாக இருப்பார், சாயங்காலம் எங்கேயோ போய்விடுவார். செத்துப்போன மாட்டுக்குத் தீனி வைத்தாயா என்று கேட்பார். மனைவி என்னை அரிக்கத் தொடங்கினாள்.

"வாயத் தொறந்து கேளுய்யா. நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாம எங்க போறது?"

எப்படிக் கேட்பது? எழுதிக் கொடு என்று கேட்டால், நீ போகப்போகிறாய் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அவர் எதிரில் போய் உட்காருவேன், மழை வருமா என்று பேசிவிட்டு வந்துவிடுவேன். மழை வந்தது, நின்றது. மலைமேல் பனி இறங்கத் தொடங்கியது.

முதலில் ஆலங்காயத்தில் பத்திரம் எழுதுகிறவரிடம் போனேன். பழைய ஆள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"உன் பேர்ல ஒரு வரி ரசீதாவது கீதா?"

"இல்லீங்க. எல்லாம் அண்ணன் பேர்லதான்."

"கட்னது யாரு?"

"நான்தாங்க. பெரியவரு பேரு இருந்தா மரியாதைன்னு..."

கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். "நல்ல மரியாதை போ. அடுத்தவன் பாத்தா இன்னா சொல்வான்? அண்ணன் வூட்ல தம்பி சும்மா குந்திக்கினு கீறான்னுதான் சொல்வான். ரத்த சொந்தத்துக்குள்ள எழுதனா செலவு கம்மி. ஆனா அவருக்கு நெனவு இருக்கும்போதே இட்டுக்கினு வா. ஆபீசருங்க கேள்வி கேப்பாங்க."

அன்றைக்கு வந்து அண்ணன் காலடியில் உட்கார்ந்து கேட்டேவிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என் தலையில் தட்டினார்.

"இதுக்காடா இத்தினி மாசமா பூன மாதிரி சுத்திக்கினு இருந்த? எழுதிக்கடா. நான் இன்னா தலைல கட்டிக்கினா போவப் போறேன்?"

பதிவு ஆபீஸுக்குக் காலையிலேயே போனோம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், பஸ்ஸில் நன்றாகப் பேசினார். ஆபீஸில் கூட்டம். எங்களைக் கூப்பிடும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அண்ணன் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சார்பதிவாளர் அம்மா கனிவாகத்தான் கேட்டார். "ஐயா, பக்கத்துல நிக்கிறவரு யாரு?"

அண்ணன் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம வூட்டு வரியைக் கட்ற ஆளும்மா. ஒழுங்கா கட்டுவாரு. நல்ல மாதிரி."

அந்த அம்மா பத்திரத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். "டாக்டர்கிட்ட காட்டுங்க. தெளிவா இருக்காருன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. இப்ப முடியாது."

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் வேர்க்கடலை வாங்கி, பாதியை என் கையில் கொட்டினார். "ஏன்டா தம்பி, மூஞ்ச இப்டி வச்சிக்கினு கீற?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் மருந்து கொடுத்தார், சான்று கொடுக்கவில்லை. ஓசூரில் இருக்கும் அண்ணன் மகனுக்கு விஷயம் போய்விட்டது. நேற்று போன் செய்தான். அவன் கெட்டவன் இல்லை.

"எனக்குத் தெரியாம எதுக்கு சித்தப்பா ஆபீஸுக்கெல்லாம் இட்டுக்கினு போனீங்க? விடுங்க, பொங்கலுக்கு வர்றேன். நெலத்த வெலைக்குப் பாக்க ஒருத்தர் என்கூட வர்றாரு. ரெண்டு வூட்டயும் கொஞ்சம் சுத்தமா வச்சிருங்க."

ரெண்டு வூட்டயும் என்று சொன்னான். நான் சரி என்றேன்.

இன்று பஞ்சாயத்து ஆபீஸில் இந்த வருட வரி கட்டினேன். யார் பேருக்கு என்று கேட்டார்கள். என் பேரைச் சொன்னேன். பதிவில் இருக்கும் பேருக்குத்தான் போட முடியும் என்றார்கள். ரசீதை வாங்கிக்கொண்டு அண்ணனிடம் போனேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு, நீங்க யாருங்க என்றார்.

மார்கழி மாதம் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை.