செஞ்சிக் கோட்டையில் என் தர்பார்

பூந்தமல்லிக்கும் திருவேற்காட்டுக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டும் என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். போனவன் வரலாறு எடுத்துத் தொலைத்தேன். "செத்துப்போன ராஜாவப் பத்திப் படிச்சா எவன்டா சம்பளம் குடுப்பான்?" என்று, பாடி லாரி ஷெட்டில் லோடு ஏற்றும் மாமா பார்க்கும்போதெல்லாம் கேட்பார். அப்பா எதுவுமே கேட்டதில்லை. அதுதான் உறுத்தல். ஒரு தடவையாவது அவர் என் படிப்பைக் காதால் கேட்டு, பரவாயில்லையே என்று நினைத்துவிட வேண்டும்.

அமாவாசைக்கு வேன் பிடித்து மேல்மலையனூர் போவது எங்கள் வழக்கம். போன சித்திரையில், வழியில் செஞ்சிக் கோட்டையைப் பார்க்கலாம் என்று அப்பா, அம்மா, மாமா எல்லோரையும் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் முன்னால் நின்று அதன் வரலாற்றைப் பேச, கண்ணாடி முன் ஒரு வாரம் பயிற்சி. கையசைவு உட்பட.

கோயிலுக்குக் கிளம்பிய கூட்டம், மலையைப் பார்த்ததும் பழக்கத்தில் செருப்பை வேனிலேயே விட்டுவிட்டு இறங்கியது. வரலாற்று அறிஞனான நானும்தான். உச்சிவெயிலில் பாறை தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தது. "ஐயோ, சுடுதே!" என்று அம்மா ஓட, அவர் பின்னாலேயே ஓடி, கண்ணில் பட்ட ஓர் இருட்டுக் கட்டடத்துக்குள் புகுந்தோம்.

அது என்ன கட்டடம் என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதுதானா அப்பா கேட்க வேண்டும்? "இது இன்னா எடம்பா?"

"ராஜா தர்பார் நடத்தின இடம்" என்றேன், கையசைவோடு.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா, வாசலில் நிழலுக்கு ஒதுங்கிய வேறொரு குடும்பத்தையும் கூப்பிட்டார். "உள்ள வாங்கோ. எம்மவன் காலேஜ்ல இதான் படிச்சான். ராஜா எங்க குந்துவாருன்னு காட்டுவான்."

காட்டினேன். காட்டிவிட்டுத் திரும்பினால், வாசலருகே பலகை: நெற்களஞ்சியம்.

எங்கள் ஆட்கள் யாராலும் அதைப் படிக்க முடியாது. அந்த இன்னொரு குடும்பம் படித்துவிடாதபடி முதுகால் மறைத்துக்கொண்டு நின்றும் பார்த்தேன். ஆனால் அப்பா இதை ஆட்டோவில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்வாரே என்று நினைத்ததும் பலகையை விட்டு விலகினேன்.

"நைனா, தப்பா சொல்ட்டேன். இது நெல்லு கொட்டி வெச்ச எடமாம். போர்டுல போட்டுகீது."

மாமா சிரித்த சிரிப்பு கூரையில் மோதித் திரும்பியது. "மூணு வருசம் காலேஜ் போயி போர்டு படிக்கக் கத்துகினாம்பா!"

அப்பா முறைத்தார். "நீ படிச்சியா? நான் படிச்சனா? அவன்தான படிச்சி சொன்னான்." பிறகு அந்தக் குடும்பத்திடம், "ராஜா இல்லீங்கோ, நெல்லு" என்று திருத்தினார்.

அதோடு விட்டாரா? செருப்பை வரவழைத்து மாட்டிக்கொண்டு என்னை வெயிலுக்குள் இழுத்துப் போனார். "இங்க இன்னா போட்டுகீது? அங்க?" ஒரு வாரம் பயிற்சி செய்த உரைக்கு இடமே கிடைக்கவில்லை. கோட்டையில் கண்ணில் பட்ட பலகை ஒன்று விடாமல் உரக்க வாசித்தேன், குரங்குகளுக்குத் தீனி போடக் கூடாது என்பது உட்பட. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.